சென்ட்ரிங் பிரிக்காத இடுப்பு

மேஸ்திரி வழுக்கி விழுந்தது அவரே டைல்ஸ் பதித்த குளியலறையில். விழுந்த இடத்தில் கிடந்தபடி அவர் முதலில் சொன்னது வலிக்கிறது என்பதல்ல, செருப்பு சரியில்லை என்பதுதான். ஆம்புலன்ஸ்காரர்களிடமும் அதையே சொன்னார். எக்ஸ்ரே எடுத்தவர் கேட்கவே இல்லை; அவருக்கும் சொன்னார்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. எலும்பு டாக்டர் ஒல்லியான இளைஞர். ஒரு சாந்துச் சட்டியைக்கூட இவரை நம்பிக் கொடுக்க முடியாது என்பது மேஸ்திரியின் கணிப்பு. அந்த டாக்டர்தான் தொடை எலும்புக்குள் நீளமாக ஓர் ஆணியை இறக்கி, அதன் வழியே இடுப்புப் பந்துக்குள் ஒரு திருகையும் முறுக்கி வேலையை முடித்தார். மறுநாள் காலையில் வந்து, எழுந்து வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கலாம் என்றார்.

மேஸ்திரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, நேத்துதானே கம்பி விட்டீங்க? இன்னிக்கே சென்ட்ரிங் பிரிக்கச் சொல்றீங்களே."

கான்கிரீட் போட்டால் சென்ட்ரிங் அடித்த முட்டுப் பலகையைப் பிரிக்க மூன்று வாரம் ஆகும், அதுவரை க்யூரிங் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் எழுப்பிய எந்தக் கட்டடமும் இந்த விதிக்குத் தப்பியதில்லை. தான் கான்கிரீட் எதுவும் போடவில்லை, பாரத்தை ஆணியே தாங்கிக்கொள்ளும் என்றார் டாக்டர். வேலையை அவசரமாக முடிக்கப் பார்க்கிறவன் எல்லாம் இப்படித்தான் பேசுவான் என்று மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

மதியம் நர்ஸ் வந்து பார்த்தபோது கட்டு ஈரமாக இருந்தது. குடிக்க வைத்த தண்ணீரில் பாதியை மேஸ்திரி க்யூரிங்குக்கு ஒதுக்கியிருந்தார். நர்ஸ் கட்டை மாற்றிவிட்டு, பாட்டிலைப் பறிமுதல் செய்துகொண்டு போனார்.

அவர் மனைவி மேஸ்திரியம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: இந்த வயதில் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், அப்புறம் எழவே முடியாமல் போகலாம். அவளுடைய மூத்தார் அப்படித்தான், நாளைக்கு எழுந்துக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார். இவரும் அதே ரத்தம், அதே பிடிவாதம்.

கெஞ்சினாள். திட்டினாள். கொஞ்சம் அழுதும் பார்த்தாள். மேஸ்திரி அசையவில்லை. கடைசியில் முகம் கழுவ அந்த அறையின் கழிவறைக்குள் போனவள், திரும்பி வந்து மிதியடியில் காலை நிதானமாகத் துடைத்தாள்.

"என்னங்க, இங்க தரை போட்டவன் யாரோ தெரியல. தண்ணி எல்லாம் வாசல் பக்கமா வருது."

கட்டிலில் தலை மட்டும் திரும்பியது. பிறகு, "ஓட்டைப் பக்கம் போகலையா?"

"எனக்கு என்ன தெரியும்? நர்ஸ்கிட்ட கேட்டேன், எல்லா இடத்துலயும் அப்படித்தான் இருக்குமாம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் உள்ளே போய் வேலை செய்தது. தரையில் தண்ணீர் ஓடும் வாட்டம் இல்லாததைவிட, அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை. புரண்டார். உத்தரத்தைப் பார்த்தார். முணுமுணுத்தார்.

"அந்த வாக்கரை இப்படித் தள்ளு."

ஒரு பக்கம் நர்ஸ், மறுபக்கம் மேஸ்திரியம்மா. எழும்போது மேஸ்திரிக்கு முகம் கோணியது. அதற்கும் முகம் தெரியாத அந்தக் கொத்தனாரையே திட்டினார். அடிக்கு ஒரு வசவு என்று கழிவறை வாசல்வரை போய்ச் சேர்ந்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்ணீர் கணநேரம் யோசித்துவிட்டு, நல்ல பிள்ளையாக ஓட்டையைப் பார்த்து ஓடியது. இன்னொரு குவளை ஊற்றச் சொன்னார். அதுவும் ஓடியது.

"வாட்டம் சரியாத்தானே இருக்கு. அழகா போட்டிருக்கான்."

"ஆமா. நம்ம வீட்டுலதான் சரியில்ல. தண்ணி தேங்கித்தானே விழுந்தீங்க?"

நர்ஸ் அவசரமாகச் சுவரைப் பார்த்தார். தான் சொந்தக் காலில் நின்றுகொண்டிருப்பது மேஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. செருப்பு என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. கட்டிலை நோக்கி வாக்கரைத் திருப்பினார். பாதி வழியில் நின்றார்.

"வீட்டுக்குப் போனதும் அந்த டைல்ஸைப் பேத்துடணும்."

"பேத்துடலாம்," என்றாள் மேஸ்திரியம்மா. "இங்க தரை போட்டவர் யாருன்னு விசாரிச்சு வைக்கிறேன்."