பச்சை லுங்கியின் மறுபாதி

சாதிக் பாஷா கை துடைக்கத் துணி தேடினான். மேஜைமேல் பச்சை லுங்கியின் பாதி கிடந்தது. எடுத்துத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து காத்துக்கிடந்த ஸ்கூட்டரின் முன்னால் உட்கார்ந்தான். பிரேக் ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

இன்னொரு பாதி எங்கே?

நேற்று மனைவி நஸ்ரின் தன் கையால்தான் அந்தப் பழைய லுங்கியை இரண்டாகக் கிழித்துக் கொடுத்தாள். ஒரு பாதி இங்கே இருக்கிறது. எழுந்து மேஜைக்கு அடியில் பார்த்தான். டயர் அடுக்கின் பின்னால் பார்த்தான். வாசலில் எண்ணெய் சிந்திய இடத்தில் பார்த்தான். பார்க்கும்போதே அது அங்கே இருக்காது என்று உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. காலையில் அந்தத் துணியைச் சுருட்டி, சிவக்குமார் ஜீப்பின் காற்றுக் குழாய் வாயில் அவன்தான் செருகி வைத்தான், வேலை நடக்கும்போது தூசி உள்ளே போகக்கூடாதென்று. செருகியது நினைவிருக்கிறது. எடுத்தது நினைவில்லை.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இறங்கும் சந்தில், தகரக் கூரை போட்ட ஷெட் அவனுடையது. அதை ஒட்டியே வீடு. இரண்டு மாதமாக அந்த ஜீப் ஷெட்டின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. சிவக்குமார் நாகலூர்ப் பக்கம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறவர். மூட்டை ஏற்றுவதும், ஆள் ஏற்றுவதும், சொந்தபந்தங்களின் நல்லது கெட்டதுக்குப் போவதும் எல்லாம் அந்த ஒரு வண்டியில்தான். அதன் பழைய பெட்ரோல் எஞ்சின் ஓய்ந்துபோனபோது, எங்கோ மோதி நசுங்கிய பிக்கப் வண்டியின் டீசல் எஞ்சினைச் சேலத்தில் பிடித்து, அதை ஜீப்புக்குள் உட்காரவைக்கும் வேலையைச் சாதிக் ஏற்றுக்கொண்டான்.

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. காற்றுக் குழாய்தான் உட்காரவில்லை. ஏர் ஃபில்டர் ஒரு பக்கம் இருந்தது, எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் எதிர்ப்பக்கம் இருந்தது. முதலில் குழாயை எஞ்சினுக்கு மேலாகக் கொண்டுபோனான். பானெட்டை மூடினால் நசுங்கியது. பிறகு ரேடியேட்டர் பக்கமாகச் சுற்றினான், விசிறி உரசியது. மூன்றாவது வழியில் சைலன்சர் சூட்டுக்கு ரப்பர் இளகி, மேட்டில் ஏறும்போது உறிஞ்சிய உறிஞ்சலில் குழாய் ஒட்டிக்கொண்டு வண்டி கரும்புகை கக்கி நின்றது. கடைசியில் பேட்டரியைப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஃபில்டரை வைத்து, எஞ்சினுக்குப் பின்னால் தகரத் தடுப்பை ஒட்டி, முழங்கைபோல் வளைந்த இரும்புத் துண்டு போட்டுக் குழாயைத் திருப்பினான். அது இன்று விடிந்த பிறகுதான் முடிந்தது. இல்லை, முடியவில்லை. முடிகிற நேரத்தில் சிவக்குமார் வந்து நின்றுவிட்டார்.

"பாய், ஆயிப்போச்சுங்களா? குப்பனூர்ல தங்கச்சி புள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் போய் மடியில வெச்சாத்தான் ஆசாரி ஊசி எடுப்பாரு. எல்லாரும் பஸ் ஸ்டாண்டுல நிக்கறாங்க."

அந்த அவசரத்தில் குழாயை மாட்டி, கிளிப்பை முடுக்கி, பானெட்டைத் தட்டி மூடிச் சாவியைக் கொடுத்துவிட்டான். வண்டி ஒரே சாவியில் பிடித்தது. அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

துணியை எடுக்காமலே மாட்டியிருந்தால்? லூஸாகச் சுருட்டிய துணி. அதன் ஓரமாகக் காற்றுப் போகும், வண்டி ஓடும். ஆனால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் துணியை உள்ளே உள்ளே இழுக்கும். உள்ளே, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவில் ஒரு சின்ன விசிறி பம்பரத்தைவிட வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. துணி அதைத் தொட்டால் எஞ்சின் நின்றுவிடும். எஞ்சின் நின்றால் பிரேக் மிதி கல்லாகிவிடும். எஞ்சின் ஓடினால்தான் வலு கிடைக்கும் பிக்கப்பின் பிரேக்கையும் சேர்த்து மாட்டியவன் அவனேதான். ஒன்றிரண்டு மிதிக்குக் கேட்கும், அதற்குமேல் கேட்காது. போவதோ குப்பனூர் இறக்கம்.

சிவக்குமாருக்குப் போன் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. அவர் மனைவி கவிப்பிரியாவின் நம்பருக்குப் போட்டான். அதே குரல்.

"நஸ்ரின், அந்தப் பச்சைத் துணிய நீ எங்கயாச்சும் எடுத்து வெச்சியா?"

அவள் வாசலுக்கு வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "நான் எடுக்கலீங்களே. என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்பிடி நிக்கறீங்க?"

சொன்னான். சொல்லும்போதே செருப்பைத் தேடினான்.

"துணி வேற எங்கயாச்சும் கெடந்தா?"

"கெடந்தா நல்லது. நான் போய்ப் பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"அப்பக் கெளம்புங்க. ஆனா பாத்துப் போங்க. நீங்க உளுந்தா அவங்களை ஆரு நிறுத்தறது?" பைக் சாவியை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஊரைத் தாண்டும்வரை சுற்றுலா வந்த கார்கள் நகராமல் நின்றன. இரண்டுக்கு நடுவில் புகுந்து போனபோது யாரோ திட்டினார்கள். கொட்டச்சேட்டில் டீக்கடை வாசலில் காலை ஊன்றி, "பழைய ஜீப் ஒண்ணு போச்சுங்களா, பின்னாடி நிறைய ஆளுங்க?" என்று கேட்டான். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "சீர்த்தட்டோட போனாங்களே, அதுங்களா? இப்பத்தான் போச்சு. கொழந்தைங்க கத்திக்கிட்டே போச்சுங்க" என்றார்.

கத்திக்கொண்டு என்றால் சந்தோஷத்தில்தான் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் சொல் காதில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

இறக்கத்தின் முதல் வளைவுகளிலேயே வழி அடைத்துக்கொண்டது. மேலே ஏறும் பஸ்ஸும் கீழே இறங்கும் மரலாரியும் முகத்துக்கு முகம் நின்றன. லாரி டிரைவர் அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தார். சாதிக் பைக்கைவிட்டு இறங்கினான், ஏறினான், மறுபடி இறங்கினான். பள்ளத்துப் பக்கம் பைக் போகிற அளவுக்கு இடம் தெரிந்ததும் தள்ளிக்கொண்டே ஓடினான். கண்டக்டர் ஜன்னல் வழியாக, "ஏனுங்க, உயிர் மேல ஆசையில்லீங்களா?" என்று கத்தியது பின்னால் கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் அவன் கண் சாலையைப் பார்க்கவில்லை, ஓரத்துக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தது. எங்காவது உடைந்திருக்கிறதா, புதிதாக டயர் தேய்ந்த தடம் இருக்கிறதா. ஒரு திருப்பத்தில், இரண்டு வளைவு கீழே, மரங்களின் இடுக்கில் காக்கி நிறத் தார்ப்பாய் தெரிந்தது. நகர்ந்துகொண்டிருந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே இறங்கினான்.

நெருங்கியபோது சிவக்குமாரின் கை வெளியே நீண்டு, முந்திக்கொண்டு போகும்படி அசைந்தது. யாரோ அவசரக்காரன் என்று நினைத்திருக்கிறார். சாதிக் முந்திப்போய், கொஞ்சம் சமமான இடம் பார்த்துக் குறுக்கே நின்றான்.

"பாய்? என்னங்க?"

"எஞ்சினை ஆஃப் பண்ணாதீங்க. கை பிரேக்கை இழுங்க, இழுத்துப் புடிங்க."

ஓரத்தில் கிடந்த கல்லை உருட்டி முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். இன்னொரு கல்லைத் தூக்கி வந்து மற்றதற்கும் வைத்தான். அதன் பிறகுதான், "இப்ப ஆஃப் பண்ணுங்க, எல்லாரும் எறங்குங்க" என்றான்.

பின்னாலிருந்து குழந்தைகள் குதித்தன. கவிப்பிரியா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "ஏனுங்க பாய், நீங்களும் காதுகுத்துக்குத்தான் வர்றீங்களா? சொல்லியிருந்தா வண்டியிலயே ஏறியிருக்கலாமுங்களே."

"இல்லீங்க. ஒரு கிளிப் மேல சந்தேகமா இருந்துச்சு."

பொய் தானாக வந்துவிட்டது. பானெட்டைத் திறந்தான். சூடு முகத்தில் அடித்தது. கிளிப்பைத் தளர்த்திக் குழாயை உருவி, வாய்க்குள் விரலை விட்டான். ஒன்றுமில்லை.  அப்படியே மூடிவிடலாம். ஆனால் மனம் ஒப்பவில்லை. அந்த இரும்பு வளைவையும் கழற்றி, அதற்கு அப்பால் விரலை விட்டான். விரல் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கோடு துணி தட்டுப்பட்டது.

மெல்ல இழுத்தான். வந்தது. ஒரு மூலை நார்நாராகப் பிரிந்திருந்தது. இன்னும் ஒரு விரற்கடை போயிருந்தால் விசிறி.

எல்லோருக்கும் முதுகு காட்டித்தான் நின்றான். சட்டைக்குள் திணித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் கை அந்தப் பக்கம் போகவும் செய்தது. அப்போது சிவக்குமாரின் அத்தை பாப்பாத்தி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சாமி அது?"

சாதிக் திரும்பினான். "துணிங்க. காத்து போற குழாய்க்குள்ள வெச்சு மறந்துட்டேன். கிளிப்பெல்லாம் ஒண்ணுமில்ல. நான்தான் மறந்துட்டேன்."

"அதுனால என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார் சிவக்குமார். சாதிக் சொன்னான். எஞ்சின் நிற்பதையும், பிரேக் மிதி இறுகுவதையும் மறைக்காமல் சொன்னான். சிவக்குமார் கத்தவில்லை. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி தெரியும் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு குழந்தைகளைப் பார்த்தார்.

"கொஞ்சம் திணறுச்சு. புது எஞ்சின், போகப் போகச் சரியாயிரும்னு நெனச்சேன்." குரல் அடங்கியே இருந்தது. "உங்களை நம்பித்தானுங்க பாய் இத்தனை பேரை ஏத்துனேன்."

சாதிக் குனிந்து டர்போவின் வாயில் விரலை விட்டு விசிறியைச் சுற்றிப் பார்த்தான். தடங்கலில்லாமல் சுற்றியது. குழாய் முழுவதையும் கழற்றி, இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டினான்.

"இனி நான் இதை ஓட்ட மாட்டேனுங்க" என்றார் சிவக்குமார். "நீங்க ஓட்டுங்க. உங்க பைக்கை நான் எடுத்துட்டு வர்றேன்."

"அண்ணே..."

"நேரமாவுது. நீங்க ஓட்டுனா அவங்களுக்கு முன்னாடி நீங்க இருப்பீங்க. எனக்கு அது போதும்."

மீதி இறக்கத்துக்குச் சாதிக் ஜீப்பை எடுத்தான். முன்சீட்டில் கவிப்பிரியா சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் சாதிக் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தான். மிதி இறங்கியது. அடுத்த வளைவிலும் இறங்கியது. அப்படியும் அவன் கால் நம்பவில்லை.

"இப்ப ஒண்ணும் ஆகாதில்லீங்க?" என்று கேட்டாள் அவள்.

"ஆகாதுங்க." சொன்ன பிறகு, உண்மைதானா என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

குப்பனூரில் பந்தல் முன்னால் ஆசாரி காத்திருந்தார். சிவக்குமார் பைக்கிலிருந்து இறங்கிய வேகத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். சாதிக் ஜீப்பை வேப்பமர நிழலில் நிறுத்தி மறுபடி பானெட்டைத் திறந்தான். எல்லாக் கிளிப்பையும் தொட்டுப் பார்த்தான். பந்தலுக்குள் குழந்தை வீறிட்டது, பெண்கள் சிரித்தார்கள், மேளம் சத்தம் கூட்டியது. அவன் ஏர் ஃபில்டரின் மூடியைத் திறந்து மூடினான்.

கவிப்பிரியா வந்து கூப்பிட்டாள். "சாப்பிட வாங்க. கறி வேண்டாம்னா ரசமும் தயிரும் தனியா இருக்குதுங்க."

"பசிக்கலீங்க."

"பசிக்காம இருக்குமா? நீங்க வராம இருந்திருந்தா என்னாயிருக்கும்னுதான் நான் நெனச்சுக்கிட்டிருக்கறேன். நீங்க மறந்ததையே நெனச்சுக்கிட்டு இருந்தா எப்பிடி? வாங்க."

கடைசிப் பந்தியில் உட்கார்ந்து ரசஞ்சோறு தின்றான். எதிர்வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த சிவக்குமார் அவன் இலைப்பக்கம் வரவில்லை. தயிரை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பினார்.

திரும்பும்போதும் சாதிக்தான் ஓட்டினான். வந்ததைவிடக் கூட்டம் அதிகம். இரண்டு வாழைத்தார் வேறு. குப்பனூர் மேட்டில் ஜீப் இரண்டாம் கியரில் சலிக்காமல் ஏறியது. பழைய எஞ்சினாக இருந்திருந்தால் பாதி ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்லியிருக்கும் இடங்களை எல்லாம் பாடிக்கொண்டே தாண்டியது. இந்த ஒரு ஏற்றத்துக்காகத்தான் இரண்டு மாதம் அவன் தூக்கம் கெட்டது. அதை ரசிக்க முடியாமல், சத்தத்தில் எங்கே ஓட்டை விழுகிறது என்று காதைக் கொடுத்தபடியே ஓட்டினான். கண்ணாடியில் பின்னால் பைக் தெரிந்துகொண்டே இருந்தது. சிவக்குமார் ஒரு தடவைகூட முந்தவில்லை.

ஏற்காட்டில் ஷெட் வாசலில் வண்டி நின்றது. சிவக்குமார் பைக் சாவியை நீட்டினார்.

"பொகையே இல்ல. கீழ இருந்து பாத்துக்கிட்டே வந்தேன். நொம்ப நல்லா ஏறுது."

"ஆமாங்க."

"அடுத்த வாரம் ஆயில் மாத்தக் கொண்டாறேன். நீங்க வேலை செய்யறப்ப நான் பக்கத்துலயே நிப்பேன். தப்பா நெனக்காதீங்க."

"நில்லுங்க. நானே கேக்கலாம்னு இருந்தேன்."

சிவக்குமார் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகும் முன் பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். பிறகு ஜீப் நாகலூர் ரோட்டில் திரும்பியது. காப்பித் தோட்டங்களுக்குள் அந்தச் சத்தம் போவதைச் சாதிக் கேட்டுக்கொண்டு நின்றான். பஸ் ஹாரனில் கலந்து காணாமல்போன பிறகும் நின்றான். நஸ்ரின் உள்ளே வரச் சொன்னாள். வருகிறேன் என்றான், வரவில்லை. அவள் டீயை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூடவே நின்றாள்.

டீ ஆறிப்போயிருந்தபோது போன் அடித்தது. கவிப்பிரியா.

"ஊடு வந்து சேந்துட்டோம்ங்க பாய். சொல்லணும்னு அவருதான் போடச் சொன்னாரு."

"சரிங்க" என்றான் சாதிக். வாசல்படியில் உட்கார்ந்து, ஆறிய டீயைக் குடித்து முடித்தான்.