பூட்டைத் திறக்க வந்த எம்.பி.

எங்கள் ஊர் சுகாதார நிலையத்தின் கேட்டில் சங்கிலி போட்டவன் என் சொந்தத் தம்பி எவெலியோ. அதைச் சொல்லவே எனக்கு வயிறு எரிகிறது. சொல்லாமல் விட்டால் யாரோ வெளியூர்க்காரன் வந்து பூட்டிவிட்டுப் போனான் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஹோண்டுராஸில் தேர்தல் ஓட்டுப் போடுகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிவதில்லை. ஜனவரிக் கடைசியில் புது அதிபர் தோளில் பதவிப் பட்டை போட்டுக்கொண்ட பிறகுதான் உண்மையான சண்டையே தொடங்கும். ஜெயித்த கட்சிக்குக் கொடி பிடித்தவர்கள், சுவரில் பசை தடவியவர்கள், லாரியில் ஏறித் தொண்டை கிழியக் கத்தியவர்கள் எல்லோரும் அரசாங்க வேலை கேட்டுக் கிளம்புவார்கள். ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பழைய கட்சியின் ஆட்கள் பெருக்குகிறவள் வரைக்கும் வெளியே போக வேண்டும், நம் ஆட்கள் உள்ளே போக வேண்டும். போன தடவை அவர்கள் எங்களுக்கு இதைத்தான் செய்தார்கள். இந்தத் தடவை எங்கள் முறை. கேட்டால் மக்களாட்சி என்பார்கள். மண்ணாங்கட்டி.

நானும் அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டேன். என் கடை சுகாதார நிலையத்துக்கு நேர் எதிரே. விறகடுப்பில் ரொட்டி தட்டி, மசித்த பீன்ஸும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துக் கொடுப்பேன். பலேயாடா என்றால் எங்கள் ஊரில் ஒனெய்டா கடைதான். சங்கிலி போட்ட அன்று போராட்டக்காரர்கள் எல்லோரும் என் கடையில் ஓசியில் தின்றார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் எம்.பி. ரோமுலோ பெரிய வண்டியில் வந்து இறங்கினார். எவெலியோவுக்குத் தலைகால் புரியவில்லை. பூட்டின் சாவியை ஒரு ரிப்பனில் கட்டி, ஊர் பார்க்க அவர் கையில் கொடுத்தான்.

"நம்ம ஆளுங்களுக்கு வேலை ஆர்டரோட வந்து, உங்க கையாலயே திறந்து விடணும் ஐயா!"

எல்லோரும் கை தட்டினார்கள். ஐயா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், என்னிடம் இரண்டு பலேயாடா சாப்பிட்டார், தலைநகர் தெகுசிகல்பாவுக்குப் போய்விட்டார். மாற்றுச் சாவி கிடையாது. இருந்த ஒரே சாவியைக் கொடுத்துத் தங்கள் விசுவாசத்தைக் காட்டின புத்திசாலிகள் இவர்கள்.

என் மகள் யாரெலிக்குப் பதினொரு வயது. சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் அவளுக்கு உயிர். அந்த மருந்து எங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது அந்தக் கேட்டுக்கு உள்ளே இருக்கும் ஃபிரிட்ஜில் இருந்துதான். நகரத்து மருந்துக்கடையில் அதை விலைக்கு வாங்க என் அடுப்பு சம்பாதிக்காது.

பிப்ரவரி போனது. ஐயா வரவில்லை. வீட்டிலிருந்த புட்டியில் மருந்து அடிமட்டத்துக்கு இறங்கியது.

"எவெலியோ, பூட்டைத் திறடா. பிள்ளைக்கு மருந்து தீரப்போகுது."

"சாவி ஐயாகிட்ட இருக்குக்கா."

"அப்ப உடைச்சுத் தள்ளு."

"உடைக்கிறதா? ஐயா வந்து பாக்குறப்போ பூட்டு உடைஞ்சு கிடந்தா, சுயாபாவுக்கு வேலை போட்டுக் குடுப்பாரா?"

சுயாபா அவன் பெண்டாட்டி. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். மருந்தறைப் பொறுப்பு அவளுக்குத்தான் என்று பேச்சு.

"கொஞ்சம் பொறுங்க அண்ணி. ஐயா செவ்வாய்க்கிழமை வந்துருவாரு."

"எந்தச் செவ்வாய்டி? இந்த வருஷமா, அடுத்த வருஷமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானம் யாரெலி தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் ரொட்டி சாப்பிடாம இருந்தா மருந்து மிச்சமாகும்லம்மா?" என்றாள். அழாமல், கணக்குப் பாடம் ஒப்பிப்பது மாதிரிச் சொன்னாள். நேரே வெல்டிங் பட்டறை பாவ்லினோவிடம் போய் ஆக்ஸா பிளேடு வாங்கிக்கொண்டு வந்தேன்.

எவெலியோ கேட்டை மறித்து நின்றான். "அக்கா, வேண்டாம். கட்சி பேரு கெட்டுரும்."

"கெடுறதுக்கு என்னடா பேரு இருக்கு உன் கட்சிக்கு? தள்ளு. இல்ல, முதல்ல உன் கையை அறுப்பேன்."

விலகி நின்றான். பூட்டின் வளையத்தை அறுக்க அறுக்க வியர்வை கண்ணில் இறங்கியது. ஒருத்தனும் உதவவில்லை, ஒருத்தனும் தடுக்கவும் இல்லை. வேலையை விட்டுத் துரத்தப்பட்ட நர்ஸ் இர்மா சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடி வந்தாள். பூட்டு விழுந்ததும் நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம்.

தகரக் கூரைக்குக் கீழே அடைபட்டுக் கிடந்த மருந்தறை கொதித்தது. ஃபிரிட்ஜின் அடியில் தண்ணீர் வடிந்து காய்ந்த கறை. இர்மா கதவைத் திறந்தாள். உள்ளே வெளிச்சம் வரவில்லை.

"மெயினை அணைச்சது யாரு?" என்று கேட்டாள்.

எவெலியோ வாசலிலேயே நின்றான். "பழைய ஆளுங்க சுவரேறிக் குதிச்சு வந்து, ஃபேன் போட்டுட்டு உக்காரக் கூடாதுன்னு... முதல் நாளே..."

இர்மா ஒரு புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து திரிந்து போயிருந்தது. அடுத்த புட்டியும் அப்படியே. "எல்லாம் போச்சு ஒனெய்டா. தண்ணியக் குத்துறதும் ஒண்ணு, இதைக் குத்துறதும் ஒண்ணு. ஊருக்கே இனி மருந்து கிடையாது."

என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. பழைய கட்சி, புதுக் கட்சி, அதிபர், அவர் தோளில் கிடந்த பட்டை, யாரையும் விடவில்லை. அப்புறம் வீட்டுக்குப் போய், வளர்த்த பன்றியை விற்று, நகரத்தில் ஒரே ஒரு புட்டி வாங்கி வந்தேன். அடுத்ததற்கு விற்க வீட்டில் பன்றி இல்லை.

அந்தப் புட்டி பாதி ஆனபோது எம்.பி. வந்தார். ஆர்டர் கிடைத்துவிட்டது. கேட் திறந்தே கிடந்ததால் வண்டி நேராக உள்ளே போய் மாமர நிழலில் நின்றது. வெள்ளைக் கோட்டு மாட்டிய புது ஆட்கள் உள்ளே வரிசை கட்டினார்கள். சுயாபா கோட்டின் மடிப்பு கூடக் கலையாமல் முன்னால் நின்றாள். ஐயா ரிப்பன் கட்டிய சாவியைப் பையிலிருந்து எடுத்தார்.

"எங்கப்பா பூட்டு? நான் திறக்கிற மாதிரி போட்டோ எடுக்கணுமே."

எவெலியோ என் கடைக்கு ஓடி வந்தான். "அக்கா, உன் கடைப் பூட்டைக் குடு. சும்மா சங்கிலியில மாட்டுவோம், அமுக்க வேண்டாம். ஐயா சாவியை வச்சுத் திருப்புற மாதிரி நடிச்சாப் போதும்."

"இதுக்குத்தானேடா வளத்தேன் உன்னை," என்றேன். "நானே மாட்டுறேன், தள்ளு."

எம்.பி. வெளியே வந்து நின்றார். கேட்டை இழுத்துச் சாத்தினார்கள். நான் சங்கிலியைச் சுற்றினேன், பூட்டை மாட்டினேன், பலம் கொண்ட மட்டும் அமுக்கினேன். அது பூட்டிக்கொண்ட சத்தம் கைதட்டலில் கேட்கவில்லை. திரும்பி வந்து, கொதித்துக்கொண்டிருந்த பீன்ஸ் பானையில் என் சாவியைப் போட்டேன்.

ஐயா தன் சாவியைத் திருகினார். சிரித்துக்கொண்டே இன்னொரு முறை திருகினார். அப்புறம் சிரிக்காமல் திருகினார். போட்டோகிராபர் காமிராவைக் கீழே இறக்கினான்.

"அந்தப் பூட்டோட சாவி இந்தப் பானையில இருக்கு ஐயா," என்று கத்தினேன். "முதல்ல மருந்து வரட்டும். அப்புறம் பானையை இறக்குறேன்."

அவர் கடைக்கு வந்தார். குரலில் தேன் ஒழுகியது. "தாயி, எனக்கு அடுத்த ஊர்லயும் திறப்பு இருக்கு."

"அங்கயும் பூட்டிப் போட்டாச்சா?"

"விளையாடாதீங்க. என் வண்டி உள்ள நிக்குது."

"என் பிள்ளை உசுரும் உள்ளதான் இருந்துச்சு. உங்க சட்டைப் பையில சாவியும் இருந்துச்சு. கையில போன் வச்சிருக்கீங்கல்ல? கூப்பிடுங்க. ஐஸ் பெட்டியில வச்சு வரணும். என் வீட்டுக்கு மட்டுமில்ல, ஊருக்கு."

ஐயாவோடு வந்த போலீஸ்காரர், பூட்டை அறுப்பானா என்று கூட்டத்தில் நின்ற பாவ்லினோவைப் பார்த்தார். பாவ்லினோ, தன் ரம்பத்தின் பல் உடைந்துவிட்டது என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டான். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுயாபா உள்ளேயிருந்து அலறினாள்: "என்னங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க! அடுப்பை அணைச்சுச் சாவியை எடுங்க!"

எவெலியோ அடுப்பருகே வந்தான். எம்.பி. அவன் தோளைத் தட்டினார். "எடுப்பா. உன் பெண்டாட்டி வேலை என் பொறுப்பு."

எவெலியோ பானையைப் பார்த்தான். எனக்குப் பின்னால் மாவு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த யாரெலியைப் பார்த்தான். மாமனைப் பார்த்து அவள் எப்போதும் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

என் கை அகப்பையை இறுகப் பிடித்தது. அவன் மண்டையில் போடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

அவன் குனிந்தான். பக்கத்தில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்தான். அதை அடுப்புக்குள் தள்ளி, நன்றாக ஊதிவிட்டான்.