பூட்டு மாற்றிய தேதி

அந்த வருடம் பையனுக்குக் குரல் உடைந்தது. ஒரே வாக்கியத்துக்குள் அண்ணனும் தங்கையும் சண்டை போடுவதுபோல இருக்கும். வகுப்பே சிரித்தது. அம்மாகூட, "தவளை, சாப்பிட வா" என்றாள். அவன் பேச்சையே நிறுத்திக்கொண்டான்.

பெட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பூட்டு உடைந்த பழுப்புப் பெட்டியை அம்மாவின் பை ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டு, அது சரியானதும் ஊரை விட்டுப் போகிறேன் என்று எதிர் லாட்ஜில் தங்கியிருந்தவர். எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் அம்மா சமைக்கப் போனதும் பையன் கடையைப் பார்த்துக்கொள்வான். அப்போது வந்து முக்காலியில் உட்காருவார். அவன் கீச்சிட்டாலும் கரகரத்தாலும் முழுசாகக் கேட்பார். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவரிடம் கொட்டினான்.

போகிற ஊரில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டான்.

"இருக்காங்களான்னு போய்த்தான் பாக்கணும்" என்றார்.

அம்மா முதல் வாரமே பூட்டை மாற்றிவிட்டாள். பையன் பெட்டியைத் தூக்கிப் பரணில், கிழிந்த பைகளுக்குப் பின்னால் தள்ளினான். அவர் கேட்டபோதெல்லாம் சாவி வரவில்லை, ஸ்பிரிங் வரவில்லை என்று அளந்தான். அம்மாவிடம், அவரே மெதுவாக வாங்கிக்கொள்வாராம் என்றான். நான்காவது வாரத்திலிருந்து அவர் கேட்கவே இல்லை.

ஒருநாள் பரணைத் துடைக்க அம்மா சாயங்காலமும் கடையில் இருந்துவிட்டாள். அவரைக் கண்டதும் பெட்டியை இறக்கி முன்னால் வைத்தாள்.

வேலை முடிந்த தேதியை மூடியின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதுவது அவள் வழக்கம். அத்தனை பொய்யையும் யோசித்துச் சொன்னவன், அதை அழிக்க மறந்திருந்தான்.

அவர் திறந்தார். தேதியைப் படித்தார். ஆறு வாரம் ஆகியிருந்தது.

கட்டைவிரலால் தேதியை அழித்துவிட்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தார்.

"நானுந்தான் கேக்கறத விட்டுட்டேனேடா."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் லாட்ஜில் அவர் அறை ஜன்னல் சாத்தியிருந்தது.

இரண்டு மாதத்தில் அவன் குரல் இறங்கி, கனத்து, ஒரே குரலாக நின்றது. போனில் அவனை "சார்" என்றார்கள். அம்மாவும் தவளையை மறந்துவிட்டாள். முக்காலியை உள்ளே போடச் சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை.

கடையில் யாரும் இல்லாத ஒரு சாயங்காலம், முக்காலியைப் பார்த்து அந்தப் புதுக் குரலில் சொல்லிப் பார்த்தான்.

"பெட்டி இன்னும் ஆகல, மாமா."