பதினொரு மணிக்குச் சிவப்பு

கல்வராயன் மலை விளிம்பிலிருந்து கச்சிராயபாளையம் வரை லேசர் ஒளியில் படங்களை அனுப்பிப் பார்க்கும் சோதனை அது. இடையிலுள்ள காற்று சூடேறிக் கலங்கினால் ஒளி தள்ளாடும், இணைப்பு அறுந்துபோகும். எப்போது கலங்கும் என்று முன்கூட்டியே சொல்வது எழில்மதியின் வேலை. கருணாபுரத்துக்காரி, இயற்பியல் படித்தவள்.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வெளியூரிலிருந்து மூன்று பேர் சோதனையைப் பார்க்க வருவதாக இருந்தது. இணைப்பு நிற்கும் என்று கணினி அந்த நேரத்துக்குப் பச்சை காட்டியது. ஆனால் முந்தின நாள் அவள் அம்மா செல்லியம்மாள் போன் செய்தாள். ஒளி போகும் வழிக்குக் கீழேதான் அவளுக்குக் கரும்பு வெட்டும் வேலை.

"எல்லாம் வெட்டியாச்சு. சோகைச் சருகையும் கொளுத்திட்டாங்க. கால் வைக்க முடியல, தரை கொதிச்சிக்கினு கெடக்குது."

கணினியின் கணக்கிலோ அங்கே இன்னும் கரும்பு நின்றது. எழில்மதி அதை வெறுந்தரை என்று மாற்றிப் பார்த்தாள். பத்தரையிலிருந்து ஐந்து வரை சிவப்பு.

"பச்சைன்னே போடு" என்றார் திட்டத் தலைவர் சிவசங்கர்.

"மாட்டேன் சார்."

"கூலிக்காரங்க பேச்சைக் கேட்டா முன்னறிவிப்பு போடுவாங்க?"

"அந்தத் தரையில நின்னவங்க அவங்கதான் சார்."

அன்று மாலையே தன் பெயரைப் போட்டு, வருகிறவர்கள் உட்பட எல்லோருக்கும் முன்னறிவிப்பை அனுப்பினாள்.

மறுநாள் பதினொரு மணிக்குத் திரையில் மலை தெரிந்தது. சிவசங்கர் அவளைப் பார்த்துச் சிரித்தார். பதினாலாவது நிமிடம் படம் நடுங்கி, அறுந்து, இருண்டது.

"இந்தப் பொண்ணு கருவியைச் சரியா திருப்பி வெக்கல" என்றார் அவர்.

எழில்மதி எழுந்து நின்றாள். "கருவியில ஒண்ணுமில்லங்க. காத்துதான். நேத்தே எழுதியிருக்கேன், படிச்சிப் பாருங்க."

வந்தவர்களில் நிர்மலா என்பவர் போனை எடுத்துப் படித்தார். "அப்ப எப்ப வரும்?"

"அஞ்சு மணிக்கு மேல. இருந்தீங்கன்னா காட்டுறேன்."

மற்ற இருவரும் கிளம்பிப் போனார்கள். நிர்மலா இருந்தார். ஐந்து இருபதுக்குப் படம் வந்தது, துளி நடுக்கமில்லாமல். மலைமேல் மரவள்ளிக் கொல்லையோரம் ஒரு பெண் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை, அனுமதியில்லாமல் வெளியே தகவல் அனுப்பியது ஏன் என்று அவளிடம் விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று வரியில் பதில் எழுதினாள்.

'அனுப்பியது நான்தான். சொன்னது நடந்தது. இனியும் சிவப்பைப் பச்சையாக்கச் சொன்னால், இனியும் அனுப்புவேன்.'

கையெழுத்துப் போட்டு, நிர்மலாவுக்கும் ஒரு நகல் அனுப்பினாள்.