சனிக்கிரகத்துப் பூதத்தின் நடை

பழைய படத்திலிருந்து பூதத்தை எடுத்துவிட்டுக் கணினியில் செய்த வேறொன்றை வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தோமாசா லியோன் செருப்பை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அந்தப் பூதம் அவள்தான்.

அரை நூற்றாண்டுக்கு முன் கூடார நாடகங்களில் ஆடிக்கொண்டிருந்தவளை மெக்சிகோ நகரத்து ஸ்டூடியோ ஒன்றுக்கு அழைத்துப்போய் ரப்பர் உடைக்குள் நுழைத்தார்கள். பெயர்ப் பட்டியலில் அவள் இல்லை. படத்தில் முகமும் தெரியாது. அவளுடையதாக இருந்தது நடை மட்டும். வேற்றுக்கிரக உயிர் மனிதரைப் போல நடக்கலாகாது என்று இயக்குநர் அவளைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, பிறகு சுருளைத் தலைகீழாக ஓட்டினார். திரையில் பூதம் முன்னோக்கி வரும். ஆனால் அந்த வருகையில் எதுவோ சரியில்லை என்று பார்ப்பவருக்கு உறுத்தும்.

"ரப்பருக்குள்ள இருந்தது நீதான்னு யாருக்குக்கா தெரியும்?" என்றாள் தங்கை பிரிஹிதா. "எனக்கு மட்டும்தான் தெரியும். வேர்வைத் துணியைத் துவைச்சவ நான்தானே."

படத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு உலிசெஸ் என்ற இளைஞனுடையது. மரியாதை தெரிந்தவன். காபி கொடுத்து உட்காரவைத்து, புதிய பூதத்தை ஓட்டிக்காட்டினான். தோலில் ஒவ்வொரு செதிலும் ஈரமாக மின்னியது. தோமாசா கடைசிவரை பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்காமல் சொல்லவும் செய்தாள்.

"ஆனா இது, சிக்னல் விழுந்ததும் ரோட்டைக் கடக்குற ஆபீஸ்காரன் மாதிரி நடக்குது, தம்பி."

அவன் சிரித்துவிட்டான். பழைய நடையின் சூட்சுமம் அவனுக்கும் தெரிந்திருந்தது, பிடித்தும் இருந்தது. ஆனால் சோதனைக் காட்சியில் பூதம் வந்ததும் கொட்டகையே சிரித்துவிட்டதாம். படத்தை வாங்கியவர் பயந்துபோய், பூதத்தை மாற்றச் சொல்லிவிட்டாராம்.

"ஜன்னல்ல தலையை நீட்டி எட்டிப் பாக்கும்போது சிரிச்சாங்களா, நடக்கும்போது சிரிச்சாங்களா?"

அதை அவன் கவனிக்கவில்லை. சனிக்கிழமை மதியம் பழைய பூதத்தோடேயே இன்னொரு சோதனைக் காட்சி இருந்தது. அதுவரை எதையும் மாற்றக் கூடாது என்று அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் தோமாசா எழுந்தாள்.

சனிக்கிழமை அரங்கில் மாணவர்களும் குடும்பங்களுமாக நல்ல கூட்டம். பிரிஹிதா மிளகாய்ச் சாறு ஊற்றிய சோளப்பொரியோடு வந்திருந்தாள். தோமாசா முன்வரிசை ஓரத்தில் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கூட்டத்தின் முகங்களைப் பார்த்தாள். உலிசெஸையும் பக்கத்தில் அப்படியே திருப்பி உட்காரவைத்தாள்.

தட்டு போன்ற விண்கலம் ஆடிக்கொண்டே இறங்கியது, சிரித்தார்கள். பூதம் அதன் ஜன்னல் வழியே தலையை நீட்டியது. தாடை ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டு ஆடியது. அரங்கம் அதிர்ந்தது, பிரிஹிதாவின் சிரிப்பே எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அடுத்து முற்றத்துக் காட்சி. பூதம் ஏணியில் இறங்கி, உறங்கும் வீட்டை நோக்கி நடந்தது. சிதறிக் கிடந்த தூசி ஓடிவந்து அதன் பாதத்துக்கடியில் ஒடுங்கியது. அதன் பிறகே பாதம் எழுந்தது. சிரிப்பு பாதியில் அறுந்தது. வாய்க்குக் கொண்டுபோன பொரியோடு கைகள் நின்றன. மூன்றாம் வரிசையில் இருந்த தடித்த மனிதர் ஒருவர், தரையிலிருந்த கால்களை மெல்ல இருக்கைமேல் தூக்கிக்கொண்டார்.

தோமாசா உலிசெஸைப் பார்த்தாள். அவனும் அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பூதம் தலையைத் திருப்பியது; மறுபடியும் சிரிப்பு.

வெளியே வந்ததும் அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"தலையை வேணா மாத்திக்குங்க. அது பசையில ஒட்டினது, எனக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. கழுத்துக்குக் கீழ நான். அதைத் தொடாதீங்க."

பழைய உடம்பில் புதுத் தலையைப் பொருத்துவது சாதாரண வேலையில்லை என்று அவன் விளக்கினான். ஒவ்வொரு ஃபிரேமிலும் கழுத்தைத் தேடிப் பிடித்து, பழைய படத்தின் மங்கலுக்கு ஏற்றபடி தலையையும் மங்கலாக்க வேண்டும். "முழுசாப் புதுசு பண்றது சுலபம், தோமாசா அம்மா."

"நான் கண்ணு தெரியாத அந்த உடுப்புல, ஏணிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஏறினவ. சுலபத்தைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க."

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு தூணோரம் போய், வாங்கியவரை அலைபேசியில் அழைத்தான். தலையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், நடையில் அரங்கமே அடங்கிவிடுகிறது என்று தான் கண்டதை அப்படியே சொன்னான். அந்தப் பக்கம் நீண்ட பேச்சு. இவன் விட்டுக்கொடுக்கவில்லை, ஒரு கட்டத்தில் குரலை உயர்த்தவும் செய்தான். பிரிஹிதா பொரிப் பொட்டலத்தின் அடியைத் துழாவியபடி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது. "முற்றத்துக் காட்சி உங்களுது. அதுல நீங்க அப்படியே இருப்பீங்க. தலை மட்டும் புதுசு."

தோமாசா கண்களை மூடித் திறந்தாள்.

"பூதம் நடக்குறது மூணு காட்சியில. மத்த ரெண்டு?"

"அதுக்கு அவர் ஒத்துக்கல. நேர்ல போய்ச் சண்டை போட்டாத்தான் உண்டு."

"சரி, அவர் ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவள் படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.