வலையில் வந்த குவான்

மாத்திரை போட்டுக்கொண்டு மத்தியானம் கண்ணயர்ந்தாலே மணிவோனின் வலது கை ஊர் சுற்றக் கிளம்பிவிடும். மெக்கோங் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, அக்கரைத் தாய்லாந்து ஆஸ்பத்திரியின் நீளத் தாழ்வாரத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டும். யாரையோ தேடும். விழித்துப் பார்த்தால் கை மடியில்தான் கிடக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து தூங்கிப்போனதைப் போல.

காலமெல்லாம் சாலட் கடையில் பப்பாளிக்காய் இடித்து இடித்தே தேய்ந்த தோள் அது. அந்த ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் பழைய மூட்டெலும்பை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார். புண் ஆறி, கழுத்தில் மாட்டியிருந்த பட்டையையும் கழற்றியாயிற்று. இனி சுவரில் விரல்களால் ஏறிப் பழக வேண்டும், இப்போது விட்டால் தோள் இறுகிவிடும், அப்புறம் கை மேலே வராது என்று பயிற்சி தரும் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மணிவோனின் புருஷன் கம்ஃபூ சுவரில் கரியால் கோடுகூடப் போட்டு வைத்தான். கோடு காத்துக் கிடந்தது.

மணிவோன் அந்தப் பக்கமே போகவில்லை. உடம்பின் ஒவ்வொரு உறுப்பிலும் அதைக் காக்கும் உயிராக ஒரு குவான் குடியிருக்கிறது. பயந்தால் இறங்கி ஓடிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டு அதையும் கூட்டிவர வேண்டும். அன்றைக்குக் கம்ஃபூ மாத்திரைப் பையை எடுத்தான், தலையணையை எடுத்தான், தின்று மிஞ்சிய ஆரஞ்சைக்கூட விடவில்லை. குவானைக் கூப்பிட மட்டும் மறந்துபோனான்.

"குடியிருந்ததைத் தெருவுல விட்டுட்டு வீட்டை மட்டும் தூக்கிட்டு வந்திருக்கே. ஆளில்லாத கையை நான் எப்படித் தூக்குறது?"

"பழைய எலும்பைத்தான் வெட்டி எடுத்துட்டாங்களே. இரும்புக்கு ஏது குவான்?"

"போக்கிடம் இல்லாம அது அங்கேயே அலையுதுய்யா. தெனமும் கனவுல பாக்குறேன்."

மறுநாள் காலை கம்ஃபூ மீன் அள்ளும் கைவலையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். தொலைந்த குவானை வலையால்தான் அள்ளிவர வேண்டும். அன்று மத்தியானக் கனவில் தாழ்வாரம் முழுக்க முழங்காலளவு தண்ணீர். கை அதில் மிதந்துகொண்டிருந்தது. அதற்கு அவசரமே இல்லை.

சாயங்காலம் வலையின் வாயை இறுக்கிப் பிடித்தபடி திரும்பி வந்தான். பாயில் உட்கார்ந்து வலையை அவள் தோள்மேல் உதறினான். இடது உள்ளங்கையில் குவானுக்கென்று அவித்த முட்டையை வைத்து, அது மறுபடி ஓடாமலிருக்க மணிக்கட்டில் வெள்ளை நூலைச் சுற்றியவன் பாதியில் நிறுத்தினான்.

"ஒண்ணு சொல்லணும் வோன். உள்ள விடலை. வலையைப் பாத்துட்டு, மீன் சந்தை பின்னாடி இருக்குன்னு சொல்லிட்டான் காவக்காரன். வாசல்லயே நின்னுதான் அள்ளினேன்."

மணிவோனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆயிரம் பேர் போற வாசல். யாரோடதை அள்ளிட்டு வந்தியோ."

"உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். மணிவோன், வா, வீட்டுக்குப் போவோம்னு. சத்தமாத்தான். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க." தலையைக் குனிந்துகொண்டான். "கொஞ்சம் அழுதுட்டேன்."

கடைத்தெருவில்கூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வெட்கப்படுகிறவன். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நரைத்த அந்த உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முணுமுணுத்தபடி மறுபடி நூலைச் சுற்றினான். வந்துடு குவானே, சோறு இருக்கு, பாய் இருக்கு, வந்துடு.

ஒரு கையில் நூல் கட்டும்போது மறு கையைக் காதோரம் உயர்த்திப் பிடிப்பது வழக்கம். யாரும் நினைத்துச் செய்வதில்லை, சின்ன வயதிலிருந்தே கை தானாகப் போகும்.

முடிச்சுப் போட நிமிர்ந்தான் கம்ஃபூ. "வோன். கையைப் பாரு."

வலது கை விரிந்த உள்ளங்கையோடு அவள் மோவாய் உயரத்தில் நின்றிருந்தது. எப்போது எழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வலித்தது. தன் கை வலிக்கிற வலி.

"மெதுவாக் கட்டுய்யா," என்றாள். "இன்னும் காதுக்கு வரலை."