இரண்டு மணித்தியால நடை

யோகநாதனுக்குப் பொன்னாடை போர்த்தியபோது மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவன் மட்டும் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடக்கம் என்று நினைத்தார்கள். அடக்கமாவது மண்ணாவது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த சனம், அது கண்ணெதிரே குறுகுறுத்தபோது கைதட்டிக்கொண்டிருந்தது.

விழாவை ஒழுங்கு செய்தவர் அருட்பிரகாசம். பரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் புடவைக்கடை வைத்திருப்பவர். புறநகரான வில்லியே லே பெல்லில் எந்தத் தமிழ் விழா நடந்தாலும் அவர்தான் தலைவர். அவர் தலைவராக இல்லாத விழாவை யாரும் நடத்தத் துணிந்ததில்லை. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் பேசினார். "எங்கடை ஆள், அந்த வெள்ளைக்கார மனுசன் சாகக் கிடக்கேக்கை, கடைசி மூச்சு மட்டும் கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை இருந்தவர். கூடப் போன மற்றப் பொடியன் வழியைத் துலைச்சுப்போட்டு நிண்டவன். எங்கடை ஆள் ஒரு அடி அசையேல்லை!"

ஒரு அடி அசையவில்லை என்பது முழு உண்மை. அதுதான் யோகநாதனைக் கொன்றுகொண்டிருந்தது.

செத்தவர் ரொபேர். சென் தெனியில் லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்பவியலாளர்களுக்குத் தலைவராக இருந்தவர். யோகநாதன் அவருக்குக் கீழே ஏழு வருடம் வேலை செய்தவன். இருவரும் ஒரே வேலை வாகனத்தில் இருந்து கொட்டித் தீராத பரிஸ் மழையெல்லாம் பார்த்தவர்கள். வழியைத் தொலைத்த பொடியன் ஆதவன். திருச்சிக்காரன், இருபத்தேழு வயது, கண்ணாடி போட்டவன். லிஃப்டுகளை இயக்கும் மென்பொருளை எழுதுகிறவன். மேசையை விட்டு எழும்பினால் கோப்பி எடுக்கத்தான் எழும்புவான்.

ரொபேருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கில் இறங்கி நடப்பார். மனைவி மர்கரீத்துக்கு முழங்கால் வருத்தம், அவள் வருவதில்லை. 2018 ஜனவரிதான் ஓய்வு பெறுமுன் அவருக்குக் கடைசிக் குளிர்காலம். இந்த முறை உடன் வேலை செய்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டார். கேட்ட எட்டுப் பேரில் ஆறு பேருக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. தலைவர் கேட்டதை மறுக்கத் தெரியாத இரண்டு தமிழர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

"குளிருக்குள்ளை கல்லுக்கிடங்குக்கை நடக்கப் போறியளோ? காசு குடுத்து? விசர் எண்டால் இதுதான் விசர்" என்றாள் நாகேஸ்வரி. அவள் யோகநாதனின் மனைவி. சொன்னாளே தவிர, இரண்டு கம்பளிக் காலுறையும் பருத்தித்துறை வடை ஒரு பையும் வைத்துத்தான் அனுப்பினாள்.

மொரோக்கோவின் தெற்கே, வாகனம் போகும் கடைசிக் கிராமத்தில் ஒரு இரவு தங்கினார்கள். மறுநாள் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் செங்கல் நிறப் பாறை, நிமிர்ந்து பார்த்தால் தொப்பி விழும் உயரம். அடியில் ஒரு சின்ன நீரோடை. ஓடையோரம் அலரிப் பற்றை. மதியம் அரைமணி நேரம் வெயில் தலைகாட்டும், அதோடு சரி. பாலைவனம் என்றால் கொதிக்கும் என்று நினைத்து வந்த ஆதவனுக்கு இரண்டு நாளாகப் பல் கிடுகிடுத்தது. தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகளோடு வழிகாட்டி மேல்பாதையால் சுற்றிப் போய், மூன்றாம் நாள் மறுமுனையில் காத்திருப்பார் என்று ஏற்பாடு.

இறங்கிய அன்று, ஆதவனின் புதுச் சப்பாத்து கடித்ததால், அதிக தூரம் போகவில்லை. இரண்டாம் நாள் காலை எட்டரைக்கு, உறைபனி படிந்த ஒரு கல்லில் கால் வைத்து, ரொபேர் வழுக்கி ஓடைக் குழிக்குள் விழுந்தார். தொடை எலும்பு முறிந்த சத்தம் மற்ற இருவருக்கும் கேட்டது. இழுத்து எடுத்து, நனைந்ததைக் கழற்றி, மூன்று படுக்கைப்பையையும் அவர்மேல் சுற்றினார்கள். முகம் சாம்பல் பூத்துவிட்டது. ஆனால் புத்தி தெளிவாக இருந்தது.

"யோகா, நீ போ" என்றார் பிரெஞ்சில். "கிராமத்துக்கு உன் நடைக்கு இரண்டு மணித்தியாலம். ஆதவன் என்னோடு இருக்கட்டும்."

சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு அது. யோகநாதன் மலைஆடு மாதிரி நடப்பவன். ஆதவன் ஒவ்வொரு கல்லிலும் உட்கார்ந்து எழும்புகிறவன்.

யோகநாதனின் கால் எழும்பவில்லை.

அவனைத் திட்ட வருகிறவர்கள் இந்த இடத்தில் சற்றுப் பொறுக்க வேண்டும். 2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்கால் மணலில், காலில் காயப்பட்ட தம்பி தனோஜனை ஒரு தறப்பாள் கூடாரத்தின் கீழே கிடத்திவிட்டு, "பத்து நிமிசத்திலை வாறன்" என்று சொல்லி, ஏற்றிக்கொண்டு போக உழவு இயந்திரம் தேடிப் போனவன் அவன். திரும்பி வந்தபோது தறப்பாளும் இல்லை, அந்த இடமும் இல்லை. உடலும் இல்லை, எந்தப் பட்டியலிலும் பெயரும் இல்லை. அன்றிலிருந்து காயப்பட்ட ஒருவனை விட்டுவிட்டுப் போவது என்றால் அவனுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

அவன் ஆதவன் பக்கம் திரும்பித் தமிழில் பேசினான். ரொபேருக்கு விளங்கக்கூடாது என்றே தமிழில் பேசினான். "தம்பி, நீர் ஓடும். நான் இவரோடை இருக்கிறன்."

"அண்ணா, அவரு உங்களைத்தானே போகச் சொல்றாரு? எனக்கு வழி சரியா ஞாபகம் இல்லண்ணா."

"நேற்று வந்த வழிதானே. தண்ணியை விடாமல் மேலை போம். நான் சொல்லுறன். கெதியாய் வெளிக்கிடும்."

மூத்தவர் ஒருவர் "நான் சொல்லுறன்" என்றபிறகு வாதாடும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் யாரும் பழக்கவில்லை. "சரிங்கண்ணா" என்று தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனான். வெள்ளைக்காரப் பொடியன் என்றால் "உனக்கென்ன விசரா?" என்று கேட்டிருப்பான். ரொபேர் பிழைத்திருப்பார்.

ஆதவன் வளைவில் மறைந்தபிறகு ரொபேர் கேட்டார். "நடுவில் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரியும். இரண்டிலும் தண்ணீர் ஓடும். இடது பக்கம் போகவேண்டும் என்று சொன்னாயா?"

யோகநாதன் சொல்லவில்லை. நினைவே வரவில்லை. அப்போதுகூடப் பின்னால் ஓடியிருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருக்கலாம். பத்து நிமிடம்! ரொபேரின் கை அவன் கைக்குள் இருந்தது.

"சொன்னேன்" என்றான்.

பதினொரு மணிக்கு ரொபேர் மறுபடியும் சொன்னார், நீயும் போ, எனக்குப் பயமில்லை என்று. இரண்டு மணிக்கு மூன்றாம் தரம் சொன்னார். அப்போது குரல் தேய்ந்துவிட்டது. யோகநாதன் விளங்காதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவர் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிரான்சுக்கு வந்த புதிதில் எத்தனையோ இடத்தில் அவனைக் காப்பாற்றிய முகம் அது. ஐந்து மணிக்கு, பாறையின் உச்சியில் இருந்த வெளிச்சம் போகிற நேரத்தில், ரொபேர் செத்துப்போனார்.

வலது பக்கம் போன ஆதவன் வழியடைத்த முட்டுப்பாறையில் மோதித் திரும்பி, விழுந்து எழும்பி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு கிராமத்தை அடைந்தபோது ஆறு மணி. உள்ளே இரத்தம் கசிந்ததும் குளிரும் சேர்ந்து கொன்றுவிட்டது, மத்தியானமே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று வைத்தியர் சொன்னார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பரிஸுக்குத் திரும்பியதும் பழி ஆதவனைத் தேடிப் போனது. இரண்டு மணித்தியால வழிக்கு ஒன்பதரை மணித்தியாலம் எடுத்தவன் என்று அலுவலகத்தில் அவனோடு யாரும் மதியம் சாப்பிட உட்காரவில்லை. யோகநாதனுக்கு இயக்குநர் கைகொடுத்தார். லாச்சப்பலில் முடிவெட்டப் போனால் முறை விட்டுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு நாள் காலையும், இண்டைக்குச் சொல்லுவம் என்று ரயில் ஏறினான். ஒவ்வொரு நாள் மாலையும் சொல்லாமல் இறங்கினான். ஒருமுறை கோப்பி இயந்திரத்தடியில் ஆதவனோடு தனியாக நிற்க நேர்ந்தது. "தம்பி..." என்று தொடங்கினான். "பரவாயில்லண்ணா" என்று அவன் கோப்பியை எடுக்காமலே போய்விட்டான். யோகநாதன் கோழை. கெட்டவன் இல்லை, ஆனால் கோழை. நாசம் இரண்டிலும் ஒன்றுதான்.

பொன்னாடை விழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மர்கரீத் யோகநாதன் வீட்டுக்கு வந்தாள். மேம்பாலத்தில் மெட்ரோ போகும்போதெல்லாம் யன்னல் அதிரும் அந்தச் சின்ன வீட்டில், கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தாள். நாகேஸ்வரி தேநீரும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள். மர்கரீத் அவற்றைப் பார்க்கவில்லை.

"ஆதவன் எனக்கு ஒரு கடிதம் எழுதினான்" என்றாள். "ரொபேர் போகச் சொன்னது உங்களைத்தான், நீங்கள்தான் அவனை அனுப்பினீர்கள் என்று எழுதியிருந்தான். வியாழக்கிழமை நான் அலுவலகத்துக்குப் போனேன். என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்த மனிதர்மேல் பழிபோட வெட்கமில்லையா, பொய்யனே என்று எல்லாருக்கும் முன்னால் கத்தினேன். அவன் என்னையே பார்த்தான். அடுத்த நாள் வேலையை விட்டுவிட்டான். அந்த முகம் என்னைத் தூங்க விடவில்லை. நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும். பொய்தானே?"

யோகநாதன் ஓம் என்று தலையை ஆட்டினால் முடிந்தது. ரொபேரைக் காட்டி வந்த மரியாதையும் மிஞ்சும், இந்த மனுசியின் நிம்மதியும் மிஞ்சும். ஒரு பொடியனின் பெயர்தானே போகும். வேலையை விட்டவன் எப்படியும் ஊருக்குத்தானே போவான்.

நாகேஸ்வரி எல்லாவற்றையும் ஒரு நொடியில் விளங்கிக்கொண்டாள். "பொய்யெண்டு சொல்லிவிடுங்கோ" என்றாள் மெதுவாக, தமிழில். "பாவம், மனுசி நித்திரை கொள்ளட்டும்."

மறுபடியும் ஒரு பிரெஞ்சுக்காரரின் தலைக்கு மேலால் தமிழில் ஒரு தீர்ப்பு.

"பொய் இல்லை, மதாம்" என்றான் பிரெஞ்சில். "மூன்று தரம் போகச் சொன்னார். எனக்கு விளங்கியது. மூன்று தரமும் விளங்கியது."

அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம்; ஆதவனின் கடிதத்தில் அவ்வளவுதான் இருந்தது. நிறுத்தவில்லை. "வழி பிரிகிற இடத்தில் இடது பக்கம் என்று ஆதவனுக்கு நான் சொல்லவில்லை. தண்ணீரோடு போ என்றேன். பிறகு ரொபேர் கேட்டார். சொல்லிவிட்டேன் என்று அவரிடமே பொய் சொன்னேன். அந்தப் பொடியன் வழியைத் தொலைக்கவில்லை. நான் சொன்ன வழியில்தான் போனான்."

"ஏன்?" என்றாள்.

தனோஜனைப் பற்றிச் சொல்ல முயன்றான். தறப்பாள் என்பதற்குப் பிரெஞ்சு வரவில்லை. "ஒருமுறை என் தம்பியை விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவன் இல்லை. இன்னொருவரை விட்டுவிட்டுப் போக எனக்குப் பயம். ரொபேருக்காக நான் அங்கே இருக்கவில்லை, மதாம். எனக்காக இருந்தேன்."

தேநீரில் ஆடை படிந்தது. நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன் புருசன் தம்பியைப் பற்றி வாய்திறந்ததை அவள் இதற்கு முன் கேட்டதில்லை.

"இந்த இரண்டு மாதமும் எனக்கு மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான்" என்றாள் மர்கரீத். "அவர் சாகும்போது தன்னை நேசித்த ஒருவர் பக்கத்தில் இருந்தார் என்பது. அதை நினைத்துத்தான் படுப்பேன். இன்றைக்கு அதுவும் இல்லை."

எழும்பினாள். முழங்கால் மடங்கியது, கதிரையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்க வந்த யோகநாதனைக் கையால் மறித்தாள்.

"நாளைக்கு அலுவலகத்தில் இதைச் சொல்வீர்களா? எல்லாருக்கும் முன்னால்? இடது பக்கத்தையும்?"

"சொல்வேன்."

"நான் அவனிடம் போகிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றாள். கதவுவரை போய்த் திரும்பினாள். "உங்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, யோகா." ரொபேர் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுவிட்டு, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிப் போனாள்.

நாகேஸ்வரி கோப்பைகளை எடுத்தாள். குசினி வாசலில் நின்று கேட்டாள். "சொல்லிப்போட்டியள். இப்பவெண்டாலும் மனம் ஆறிச்சுதோ?"

"இல்லை" என்றான் யோகநாதன்.